கல்லும் காரையும்

குமரி மாவட்டம் மலையும் வயலும் கடலும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் நிலப்பகுதியாகும். மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் கருங்கல்லை வழங்குகிறது. கடல் தன் கரையில் சிப்பிகளை ஒதுக்குகிறது. இடைநிலத்துப் பனைகள் கருப்பட்டியைத் தருகின்றன. கல்லைச் செதுக்கி அடுக்கி, சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பால் அதனை இணைத்து, அச்சாந்தின் பிடிப்பு மிகும்பொருட்டுக் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி கரைத்த நீரும் கலந்து கட்டடம் எழுப்புதல் தென்னாட்டார் நெடுங்காலம் பயின்ற கலை. கோயில்களும் கோட்டைகளும் இக்கலையால் எழுந்தன. கிறித்தவத் தேவாலயங்களும் இக்கலையில் வல்லவர்களின் கைகளாலேயே உருப்பெற்றன.

இம்மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், வள்ளியாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், மணவாளக்குறிச்சி என்னும் ஊர் அமைந்துள்ளது. இக்கடற்கரை மணலில் தோரியம் பொதிந்த மோனசைட்டு இருப்பதை 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் செருமானியர் கண்டறிந்தார். அன்று முதல் இவ்வூரின் பெயர் உலகெங்கும் பரவிற்று. மணலுக்குப் பெயர்பெற்ற இவ்வூரிலிருந்து வடக்கே தக்கலைப் பக்கம் சென்றால், கல்லுக்குப் பெயர்பெற்ற ஆலயம் ஒன்றைக் காணலாம். அது திருவிதாங்கோட்டில் உள்ள அரப்பள்ளியாகும். இயேசுவின் சீடராகிய தோமையார் கி.பி. 63-இல் அதனை நிறுவினார் என்பது மரபுரை. சிறிதாயினும் உறுதி வாய்ந்த அவ்வாலயம், இந்நாட்டுக் கோயிற் பணியின் சாயலில் கருங்கல்லால் அமைந்திருக்கிறது. பிற்காலத்தில், 1809-இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே எழுப்பிய ஆலயமும், 1819-இல் கால்கோள் இடப்பட்ட நாகர்கோயில் ஹோம் சர்ச்சும் இம்மாவட்டத்தின் பழம்பெரும் ஆலயங்களாக விளங்குகின்றன.

இத்தகைய கட்டடங்களைக் காண்போர், "கல் அழியாதது; ஆகவே கற்கட்டடமும் அழியாது" என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்வெண்ணம் முற்றிலும் பொருந்துவதன்று. கல் அழியாதிருக்கும்போதே கற்கட்டடம் சாய்ந்து விழுதலும் உண்டு. கட்டடம் என்பது கற்களின் குவியல் அன்று. கற்களுக்குள் அமைந்த ஓர் உறவு. அவ்வுறவு தளர்ந்தால் ஒவ்வொரு கல்லும் முழுமையாக இருந்தும் சுவர் பிளவுபடும். எனவே, பழைய ஆலயம் ஒன்றை வலுப்படுத்த விரும்புவோர், அஃது இத்தனை காலம் எவ்வாறு நின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கல்லின் இயல்பு எளியது. மேலிருந்து அழுத்தும் பாரத்தை அது மிகுதியாகத் தாங்கும். இருபுறமும் பற்றி இழுக்கும் விசையைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. இரு தூண்களின்மேல் கிடத்திய நீண்ட கல்லுத்தரம் பாரத்தால் சிறிது வளையும்போது, அதன் கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. இழுவிசை மிகின் அங்கே வெடிப்பு உண்டாகிறது. இதனாலன்றோ நம் நாட்டுக் கற்கோயில்களில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன! இக்குறையை நீக்கவே வளைவு என்னும் அமைப்புத் தோன்றிற்று. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை அழுத்துகிறதேயன்றி இழுப்பதில்லை. ஆயினும் வளைவு தன் இரு கால்களையும் ஓயாமல் வெளிப்புறம் உதைத்துக்கொண்டே இருக்கும். அவ்வுதைப்பைத் தடுக்கத் தடித்த சுவரோ, சுவரை ஒட்டிய முட்டுச்சுவரோ வேண்டும். பழைய தேவாலயங்களின் வெளிப்புறத்தில் படிப்படியாகச் சரிந்து நிற்கும் முட்டுச்சுவர்கள் அழகிற்காக மட்டும் அமைந்தவை அல்ல; அவற்றை இடித்து இடம் பெருக்க முயல்வோர் ஆலயத்தின் கால்களை வெட்டுகின்றனர்.

சுவரின் உள்ளமைப்பும் அறியத்தக்கது. மூன்றடி, நான்கடித் தடிப்புள்ள சுவர் முழுவதும் பெருங்கற்களால் ஆனதென்று கருதலாகாது. பெரும்பாலும் வெளிமுகம் ஒன்றும் உள்முகம் ஒன்றுமாக இரு கல்வரிசைகள் எழுப்பப்பெற்று, அவற்றின் இடைவெளி சிறுகல்லும் காரையும் கொண்டு நிரப்பப்பட்டிருக்கும். இவ்விரு முகங்களையும் பிணைப்பதற்கு, சுவரின் தடிப்பு முழுவதையும் ஊடுருவிச் செல்லும் நீண்ட கற்களை ஆங்காங்கே வைத்தல் முறை. அவற்றை ஊடுகற்கள் எனலாம். ஊடுகல் இல்லாத சுவரில், நடுவிலுள்ள காரை நாளடைவில் கரைந்து கீழிறங்கும். இரு முகங்களும் வயிறு பருத்தாற்போலப் புடைத்துப் பிரியும்.

இக்குறை எத்துணைக் கொடியது என்பதை 1993 செப்டம்பர் 30 அன்று விடியுமுன் மகாராட்டிர மாநிலத்து லாத்தூர்ப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் உணர்த்திற்று. ஊடுகல் இன்றி, கல்லும் மண்சாந்தும் கொண்டு தடிப்பாக எழுப்பிய சுவர்கள் இரு முகங்களாகப் பிளந்து சரிந்தன. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். சுவர் தடித்திருந்தால் போதும் என்னும் நம்பிக்கை அன்று பொய்த்தது. ஒழுங்கற்ற கற்களால் கட்டும் சுவரில் உயரத்தில் 60 சென்டிமீட்டருக்கு ஒன்றும், நீளத்தில் 1.2 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் ஒன்றுமாக ஊடுகற்கள் அமைதல் வேண்டும் என்பது இந்தியத் தர நிறுவனம் வகுத்த நெறி.

இனி, ஆலயத்தின் பகைகளைக் காண்போம். முதற்பகை நீர். கூரையின் ஓடு ஒன்று உடைந்தாலும், நீர்த்தாரை அடைபட்டாலும், மழைநீர் சுவரின் தலைவழியே உள்ளே இறங்கிக் காரையை அரிக்கிறது. இரண்டாம் பகை உப்பு. மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் காற்றும் உப்பு. நிலத்தடி ஈரமும் பல இடங்களில் உப்பு. சுவர் அவ்வீரத்தை விளக்குத்திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல மேலே ஈர்க்கிறது. நீர் ஆவியாகிச் சென்றபின் உப்பு மட்டும் நுண்துளைகளில் தங்கிப் படிகமாக வளர்ந்து, தன்னைச் சூழ்ந்துள்ள பகுதியை நெருக்கிப் பொடியாக்குகிறது. கருங்கல்லில் நுண்துளைகள் மிகச் சில. ஆதலால் இத்தாக்குதல் பெரும்பாலும் காரையின்மீதும் செங்கல்லின்மீதும் செம்புரைக்கல்லின்மீதும் நிகழ்கிறது. மூன்றாம் பகை மரம். பறவை எச்சத்தில் வந்த அரச வித்தும் ஆல வித்தும் சுவரின் இடுக்கில் முளைத்து, வேரால் கற்களை நெம்புகின்றன. நான்காம் பகை அடித்தளத்தின் தளர்ச்சி. கரையோர மணல் பெருநீரால் அரிக்கப்படின் அதன் மேலுள்ள சுவர் இறங்கும். 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை குளச்சல் முதலிய இக்கடற்கரை ஊர்களில் பல உயிர்களைக் கவர்ந்ததோடு, மணல்மேல் நிற்கும் கட்டடங்களின் நிலையையும் மக்களுக்கு நினைவூட்டிற்று.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு பகை உண்டு. அது நன்மை செய்வதாக எண்ணிச் செய்யப்படும் தீமை. பழைய சுவரில் காரை உதிர்வதைக் காணும் ஊரார், உறுதி மிக்கதெனக் கருதிச் சிமெண்டுப் பூச்சைப் பூசுகின்றனர். இக்காலத்துச் சிமெண்டு, 1824-இல் இங்கிலாந்து நாட்டு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற பொருளின் வழிவந்தது. புதிய கட்டடங்களுக்கு அது பெரிதும் பயன்படுகிறது. ஆயின் சுண்ணாம்புச் சாந்தால் ஆகிய சுவரின் இயல்பு வேறு. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது. சுவர் சிறிது அசைந்தால் தானும் இசைந்து கொடுக்கும். நுண்ணிய வெடிப்புகளில் நீர் புகும்போது கரையும் சுண்ணாம்பு மீண்டும் அங்கேயே படிந்து அவற்றை மூடுதலும் உண்டு. உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே செல்லவும் அது விடுகிறது. சிமெண்டுப் பூச்சோ ஈரத்தைச் சுவருக்குள் அடைத்துவிடுகிறது. அடைபட்ட ஈரம் மேலும் உயர்ந்து செல்கிறது; உப்பு உள்ளேயே விளைகிறது; சில ஆண்டுகளில் பூச்சு பழங்காரையையும் பற்றிக்கொண்டு பாளமாக விழுகிறது.

பூச்சே வேண்டாவென அகற்றிவிடுதலும் தீங்காகும். கோவாவில் 1605-இல் அருட்பொழிவு பெற்ற பொம் ஜேசு பேராலயம் செம்புரைக்கல்லால் ஆனது. அதன் புறச்சுவர்களை மூடியிருந்த சுண்ணப்பூச்சு 1950-களில் அகற்றப்பட்டது. கல்லின் செந்நிறம் காண்போரைக் கவர்ந்தது. ஆனால் மழையைத் தாங்கிவந்த மேலாடையை இழந்த செம்புரைக்கல் தேய்வுக்கு உள்ளாயிற்று. பூச்சு என்பது ஆலயத்திற்கு அணிகலம் மட்டுமன்று, குடையும் ஆகும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? நோயையும், அதன் காரணத்தையும், அதனைத் தீர்க்கும் வழியையும் முறையே ஆராய்ந்தபின் மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் காட்டும் நெறி. இந்நெறியே கட்டட மருத்துவத்திற்கும் பொருந்தும். பழங்கட்டடங்களைக் காக்கும் அறிஞர்களின் பன்னாட்டு மன்றம் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோட்பாடுகளும், கட்டடத்தின் வரலாறு அறிதல், நோய் தேர்தல், மருத்துவம் செய்தல், பின்னர்த் தொடர்ந்து கவனித்தல் என மருத்துவ முறையையே உவமையாகக் கொண்டுள்ளன.

வெடிப்பைக் கண்டவுடன் அதனை மூடுதல் அறியாமை. அவ்வெடிப்பு என்றோ நேர்ந்து அடங்கியதா, இன்றும் விரிகிறதா என்பதைத் தெளிதல் வேண்டும். அதற்குப் பழையதோர் எளிய வழி உண்டு. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் பதித்து, பதித்த நாளையும் எழுதி வைப்பர். கண்ணாடி முறிந்தால் சுவர் அசைகிறது என்பது புலப்படும். தூக்குக்குண்டு கொண்டு சுவரின் சாய்வை அளந்து, ஆண்டுதோறும் அதனை ஒப்பிடுவர். சுத்தியலால் மெல்லத் தட்டி, உள்ளே குடைவு இருப்பதை ஒலியால் அறிவர். இக்காலத்தில் நுண்கருவிகளும் ஒலியலைச் சோதனைகளும் இப்பணியைச் செம்மையாக்கியுள்ளன.

நோய் தெளிந்தபின் மருத்துவம் தொடங்கும். சுவரின் நடுவே காரை கரைந்து குடைவு விழுந்திருப்பின், சிறு குழாய்களைப் பொருத்திச் சுண்ணாம்புக் குழம்பைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். மேற்குழாயில் குழம்பு வழியும்போது கீழ்ப்பகுதி நிரம்பிற்று என்பது பொருள். அழுத்தம் மிகின் சுவரே புடைத்துவிடும். ஆதலால் இப்பணிக்குப் பொறுமை வேண்டும். ஊடுகல் இல்லாத சுவரில், கற்களை மெல்ல நீக்கி ஊடுவழி அமைத்து, அதில் கம்பியை வைத்துக் காங்கிரீட்டு நிரப்பி இரு முகங்களையும் பிணைப்பர். லாத்தூர்ப் பகுதியில் எஞ்சிய வீடுகளை வலுப்படுத்த இம்முறை கையாளப்பட்டது. எதிரெதிர்ச் சுவர்கள் வெளிப்புறம் சாயுமாயின், ஒன்றையொன்று பற்றும்படி இழுப்புக் கம்பிகளைக் குறுக்கே பூட்டுவர். கல்லுக்கு இல்லாத இழுதாங்கும் ஆற்றலை உலோகம் ஈடுசெய்கிறது.

இம்மருத்துவத்தின் புகழ்வாய்ந்த சான்று உரோமில் உள்ளது. புனித பேதுரு பேராலயத்தின் பெருங்குவிமாடம் 1590-இல் கட்டி முடிக்கப்பட்டது. பிற்காலத்தில் அதில் வெடிப்புகள் பெருகவே, 1742-இல் மூன்று கணித அறிஞர்கள் அதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். அடுத்த ஆண்டில் பொலேனி என்னும் பேராசிரியர் மீண்டும் ஆராய்ந்தார். அவர் ஒரு நூலில் குண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டு, அது கொள்ளும் வளைவைத் தலைகீழாக்கிக் குவிமாடத்தின் வடிவோடு ஒப்பிட்டார். தொங்கும் நூல் முழுவதும் இழுவிசையில் நிற்கிறது. அவ்வடிவைத் தலைகீழாக்கினால் அது முழுவதும் அமுக்கத்தில் நிற்கும். குவிமாடம் விழும் நிலையில் இல்லை என்று அவர் தெளிந்தார். எனினும் அது விரியாதிருக்க இரும்பு வளையங்களைப் பூட்டுமாறு கூறினார். பீப்பாயை இறுக்கும் பட்டைகள்போல அவ்வளையங்கள் குவிமாடத்தைச் சூழ்ந்தன. ஒரு நூலும் சில குண்டுகளும் கொண்டு பேராலயத்தின் நிலையை அறிந்த அறிவின் திறம் வியக்கத்தக்கது.

ஆயின் இரும்பைக் கையாள்வதில் விழிப்பு வேண்டும். துருப்பிடித்த இரும்பு பன்மடங்கு பருத்துத் தன்னைச் சூழ்ந்த கல்லைப் பிளக்கும். ஏதென்சு நகரத்துப் பார்த்தினன் கோயிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்செய்தவர்கள் கற்களை இரும்புப் பட்டைகளால் பிணைத்தனர். அவ்விரும்பு துருவேறிச் சலவைக்கற்களைப் பிளந்தது. 1975-இல் தொடங்கிய சீரமைப்பில் அதனை அகற்றித் துருப்பிடியாத டைட்டேனியத்தைப் பொருத்தலாயினர். உப்புக்காற்று வீசும் குமரிக் கடற்கரைக்கு இப்பாடம் மிகப் பொருந்தும்.

அடித்தளம் தளர்ந்த ஆலயத்தைக் காத்த வரலாறு இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரத்தது. அங்குள்ள பேராலயத்தின் கீழ்ப்பகுதி சதுப்பு நிலத்தின்மேல் மரக்கட்டைகளைப் பரப்பி எழுப்பப்பட்டிருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல அது இறங்கத் தொடங்கிச் சுவர்கள் பிளந்தன. அடியில் தோண்டிய குழிகளில் நீர் ஊறிற்று. நீரை இறைத்தாலோ மண்ணும் உடன் அரிக்கப்பட்டுச் சுவர் மேலும் இறங்கும். எனவே வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்பவரை 1906-இல் நீருக்குள் இறக்கினர். ஒளி புகாத கலங்கல் நீரில், கையின் தொடுவுணர்வையே கண்ணாகக் கொண்டு, நாள்தோறும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அவர் உழைத்தார். சதுப்பு மண்ணை அகற்றிக் காங்கிரீட்டு மூட்டைகளைப் பரப்பி ஊற்றை அடைத்தார். அதன்பின் நீரை இறைத்துவிட்டுக் கொத்தர்கள் அடித்தளம் எழுப்பினர். 25,000-க்கு மேற்பட்ட மூட்டைகள் இவ்வாறு இறங்கின. 1911-இல் முடிந்த இப்பணியால் பேராலயம் இன்றும் நிற்கிறது. நீருக்குள் வேலை செய்யச் சுண்ணாம்பு பயன்படாது. அங்கே சிமெண்டே தக்க மருந்தாயிற்று. எனவே புதிய பொருளைப் பகைத்தலும் வேண்டா. பழைய பொருளை இகழ்தலும் வேண்டா. இடமறிந்து கையாளுதலே அறிவு. மரபு முறைகள் போதாத இடத்தில் பயன் தெளிந்த புதுமுறைகளைக் கையாளலாம் என்று 1964-இல் வெனிசு நகரில் வகுத்த சாசனமும் இசைவளிக்கிறது.

காலம் தாழ்த்துதலின் கேட்டிற்கும், தாழ்ந்தபின்னும் முயல்வதன் பயனுக்கும் இரு சான்றுகள் உள. கோவாவின் புனித அகுஸ்தீன் ஆலயம் 1602-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1835-இல் அது கைவிடப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 1842-இல், அதன் வளைகூரை இடிந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. எஞ்சிய பாதிக் கோபுரம், 46 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கிறது. இத்தாலியின் அசிசி நகரத்துப் புனித பிரான்சிசு பேராலயத்தில், 1997 செப்டம்பர் 26 அன்று நிலநடுக்கத்தால் வளைகூரையின் பகுதிகள் விழுந்தன; முந்தைய அதிர்ச்சியின் சேதத்தைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தோருள் நால்வர் உயிரிழந்தனர். வளைகூரையின் முதுகில் நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த தளர்ந்த கற்குப்பை அவ்வீழ்ச்சிக்குத் துணையாயிற்று என அறிஞர் கண்டனர். அச்சுமையை நீக்கி, வலிய இழைகளால் ஆன இலேசான விலாக்களை மேற்புறம் பொருத்தி, 1999 நவம்பரில் ஆலயத்தை மீண்டும் திறந்தனர். அதே நிலநடுக்கத்தில், மரக்கூரையை மாற்றிக் கனத்த காங்கிரீட்டுக் கூரை ஏற்றியிருந்த பழைய கற்கட்டடங்கள் பல மிகுதியும் சிதைந்தமை கண்டறியப்பட்டது. வலுவூட்டுதல் என்பது பாரம் ஏற்றுதல் அன்று. சில வேளைகளில் பாரம் இறக்குதலே வலுவூட்டுதலாகும்.

பழைய ஆலயம் தளர்ந்ததெனக் கண்டவிடத்து, "இதனை இடித்துவிட்டுப் பெரிதாகப் புதியது கட்டுவோம்" என்னும் குரல் ஊரில் எழுவதுண்டு. அதற்கும் காரணங்கள் உண்டு. மக்கள்தொகை பெருகுகிறது, தளர்ந்த கூரையின்கீழ் குழந்தைகளை அமர்த்த எவரும் துணியார். உயிரின் காப்பு முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தளர்ச்சியின் காரணத்தை ஆராயாமல் இடிக்கும் ஊர், தீரத்தக்க நோயால் வருந்தும் முதியவரைக் கைவிடும் குடும்பத்தை ஒக்கும். இடித்த கல்லை மீண்டும் அடுக்கலாம். அக்கல்லை முதலில் அடுக்கிய கையின் பழக்கத்தையும், அக்காரையைக் குழைத்த அளவையும் மீண்டும் பெறுதல் அரிது.

காக்கும் தொழிலில் பெரும்பகுதி எவரும் செய்யத்தக்க எளிய வேலையேயாகும். குமரி மாவட்டம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் பேறுடையது. ஆகவே இங்கு ஆண்டில் இருமுறை விழிப்பு வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் முன்னர் நீர்த்தாரைகளைத் துப்புரவு செய்தல், உடைந்த ஓட்டை மாற்றுதல், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரூன்றுமுன் களைதல், சுவரடியில் நீர் தேங்காமல் வழிசெய்தல், உதிர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்புதல் ஆகியவை பெருஞ்செலவு வேண்டாதவை. இவற்றைச் செய்யாது விட்ட ஊரே, பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டுக் குவிமாடத்திற்கு வளையம் பூட்டவும், நீருக்குள் மனிதனை இறக்கவும் நேர்கிறது.

மலையில் பிறந்த கல்லையும் கடலில் பிறந்த சுண்ணாம்பையும் முன்னோர் ஒன்றுசேர்த்தனர். கல் வலிமையைத் தந்தது. காரை இசைந்து கொடுக்கும் தன்மையைத் தந்தது. வலிமை மட்டும் இருந்தால் சுவர் பிளக்கும். இசைவு மட்டும் இருந்தால் அது சரியும். இரண்டின் அளவையும் அறிந்து கட்டிய கைகள் மறைந்துவிட்டன. அவ்வளவை அறிந்து காத்தல், அச்சுவர்களின் நிழலில் வாழ்வோர்க்கு உரிய கடன்.